மாதிரிக்கு வைத்த பெயர்

வெள்ளாங்கரை நகராட்சியிலிருந்து கிளம்பும் கடிதம் எதிலாவது பெயர் நிரப்பாமல் விட்டுப்போனால் அது இளம்பரிதி என்பவனுக்குப் போய்ச் சேரும் என்பதும், அந்த இளம்பரிதி ஒரு வைகாசி மாதத்தில் கடிதக் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேரிலேயே வந்து நின்றான் என்பதும் அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்பதுதான் யாருக்கும் தெரியாது. அது நகராட்சிக் கணினி அறையில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருக்கும் செல்லக்கனிக்குத் தெரியும்; அவள் வீட்டுக்காரர் சங்கரபாண்டிக்குத் தெரியும்; மூன்றாவது ஆளுக்கு வெகுநாள் தெரியாது.

செல்லக்கனி தட்டச்சராக வேலைக்குச் சேர்ந்து, தட்டச்சு இயந்திரங்களை ஏலம் விட்டபோது கணினிக்கு மாறியவள். அந்த நாளில் அங்கே பிரிவுக்கு ஒரு கடிதம், ஆளுக்கு ஒரு வடிவம். வரிப் பிரிவில் முத்திரை இடது பக்கம் இருந்தால் சுகாதாரப் பிரிவில் நடுவில் இருக்கும், பொறியியல் பிரிவில் இருக்கவே இருக்காது. ஆணையர் மாற்றலாகிப் போனால் புது ஆணையரின் பெயர் எல்லாக் கடிதத்திலும் ஏறுவதற்குள் அவரும் மாற்றலாகிப் போய்விடுவார். ஒரு தடவை, செத்துப்போன ஆணையர் பெயரில் குடிநீர் இணைப்பைத் துண்டிக்கப்போவதாக அறிவிப்பு போய், அதை வாங்கியவர் ஒரு ரோஜா மாலையோடு வந்து ஆணையர் அறை வாசலில் உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம்தான் மேலாளர் செல்லக்கனியைக் கூப்பிட்டு, அலுவலகத்துக்கெல்லாம் ஒரே கடிதமாக ஆக்கிக் கொடுத்துவிடும்மா என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

அவள் ஆக்கிக் கொடுத்தாள். பிறப்புச் சான்றிலிருந்து நாய் உரிமம் வரைக்கும் அந்த அலுவலகம் எழுதுகிற ஒவ்வொன்றுக்கும் ஒரு டெம்ப்ளேட்டை, அதாவது பெயருக்கும் முகவரிக்கும் இடம் விட்ட மாதிரிக் கடிதத்தை, வேர்டில் செய்து, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்தாள். பிறகு மேக்ரோ எழுதக் கற்றுக்கொண்டாள். மேக்ரோ என்பது பெரிய மந்திரமில்லை. இதைச் செய், அது முடிந்ததும் அதைச் செய் என்று கணினிக்கு ஒரு தடவை சொல்லிவைத்துவிட்டால், அப்புறம் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், அத்தனையையும் வரிசையாகச் செய்துவிட்டுக் கைகட்டி நிற்கும். அவள் இரண்டு மேக்ரோ எழுதினாள். ஒன்று, யாராவது புதுக் கடிதம் திறந்ததும் ஒரு சின்னப் பெட்டியைக் காட்டி, பெயர் என்ன, தகப்பனார் பெயர் என்ன, கதவு எண் என்ன என்று கேட்டு, சொன்னதை அந்தந்த இடத்தில் நிரப்பும். மற்றது, எல்லா டெம்ப்ளேட்டுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து, பழைய பெயரை எடுத்துவிட்டுப் புதுப் பெயரைப் போட்டு மூடும். ஆணையர் மாறினால் ஒரு காப்பி குடித்து வருவதற்குள் எல்லாக் கடிதமும் மாறியிருக்கும். அந்த மேக்ரோவின் கடவுச்சொல்லை அவள் யாரிடமும் கொடுக்கவில்லை.

மாதிரிக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. பெயர் வருகிற இடத்தில் எதையாவது போட்டுவைத்தால்தான் கடிதம் எப்படியிருக்கும் என்று தெரியும்.

"மாரியப்பன்னு மட்டும் போட்டுராதீங்க," என்றார் மேலாளர். "இந்த ஊர்ல தெருவுக்குப் பத்து மாரியப்பன் கெடக்கான். எவன் கையிலயாவது மாதிரிக் கடுதாசி சிக்கிச்சுன்னா, எனக்கு எதுக்கு நோட்டீசுன்னு அருவாளத் தூக்கிட்டு வந்துருவான். ஊர்ல எவனுக்குமே இல்லாத பேரா, எந்தத் தெருவுலயும் இல்லாத கதவு எண்ணாப் பாத்துப் போடுங்கம்மா."

ஊரில் எவனுக்குமே இல்லாத பெயர் ஒன்று செல்லக்கனியிடம் இருந்தது. கல்யாணமான மறு வருஷம் அவளுக்கும் சங்கரபாண்டிக்கும் அரசு ஆஸ்பத்திரியில் ஒரு ஆண் குழந்தை காலையில் பிறந்து சாயங்காலம் இறந்துபோனது. பஸ் கண்டக்டரான சங்கரபாண்டிக்குப் பட்டிமன்றம் கேட்கிற கிறுக்கு உண்டு. பையன் பிறந்தால் இளம்பரிதி என்றுதான் வைக்க வேண்டும், அந்தத் தாத்தா பெயர் இந்தத் தாத்தா பெயர் என்று யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று ஏழாம் மாதத்திலேயே சொல்லிவைத்திருந்தார். பெயர் வைக்கிற நாள் வரவில்லை. அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு அவர் அந்தப் பெயரைச் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை, வேறு பிள்ளையும் பிறக்கவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரே பெயரை இருவரும் தனித்தனியாக வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் ஓட்டிவிட்டார்கள்.

அதைத்தான் அவள் மாதிரிக்குப் போட்டாள். கீழப் புதுத் தெருவில் முப்பத்தொன்பதுக்கு அடுத்து நாற்பத்தொன்று வரும், நடுவில் கிடப்பது நகராட்சியின் காலி மனை. அதனால் கதவு எண் நாற்பது. பிறந்த தேதி வருகிற இடத்தில் கை தானாக அந்தத் தேதியை அடித்தது. தகப்பனார் பெயருக்கு அவர் பெயரைப் போடத் தைரியம் வராமல் புள்ளிகள் வைத்தாள். இறப்புச் சான்றில் மட்டும் அந்தப் பெயரைப் போட அவளுக்குக் கை வரவேயில்லை. அங்கே எல்லாமே புள்ளிகள்தான்.

வெள்ளாங்கரை நகராட்சியில், திரையில் எந்தப் பெட்டி வந்து எதைக் கேட்டாலும் படிக்காமல் 'சரி'யை அழுத்துகிற வழக்கம் உண்டு. கேட்கிறவன் கேட்டுக்கொண்டே இருப்பான், நாம் 'சரி சரி' என்று போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்பது அங்கே எல்லோரும் மேலதிகாரிகளிடமிருந்து கற்றுக்கொண்ட பாடம். ஆகவே மாதிரிப் பெயர் மாதிரிப் பெயராகவே அச்சாகி, கையெழுத்தாகி, உறையில் ஏறித் தபாலில் போயிற்று. கீழப் புதுத் தெருத் தபால்காரர் கொஞ்ச நாள் தேடிப் பார்த்துவிட்டு, எழுதியிருக்கிற இடத்தில் சேர்ப்பதுதான் நம் வேலை என்று காலி மனையில் ஒரு கல்லுக்கு அடியில் அவற்றை வைத்துவிட்டுப் போனார். குடிநீர் வரி வந்தது, சொத்து வரி வந்தது, நாய்க்கு ஊசி போடச் சொல்லி வந்தது, மகப்பேறு உதவி மறுக்கப்பட்டதாக வந்தது, இப்படியே வந்து வந்து கல் உயரத்துக்குக் கட்டு சேர்ந்த ஒரு நாள் உச்சி வெயிலில் கட்டு இருந்த இடத்திலிருந்து ஒரு வாலிபன் எழுந்து, வேட்டியிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, நகராட்சிக்கு நடந்து வந்தான்.

"பார்வையில் காணும் கடிதங்கள் யாவும் பெறப்பட்டன," என்றான்.

பிறப்பு இறப்புப் பிரிவு ஜன்னலில் இருந்த மும்தாஜ் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்கதான் இளம்பரிதியா? எங்கெல்லாம் தேடுனோம். யாரு மகன் நீங்க?"

அவன் மேலே இருந்த கடிதத்தைப் பார்த்தான். "புள்ளிகள் இடப்பட்டுள்ளன."

"சரி, சாப்பிட்டியளா?"

"இதுநாள் வரை பெறப்படவில்லை."

மும்தாஜ் சிரித்துவிட்டுத் தன் டிபன் டப்பாவிலிருந்து பாதி எலுமிச்சைச் சோற்றை மூடியில் வைத்துக் கொடுத்தாள். நீ எப்படி வந்தாய் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கையில் ஒரு காகிதமும் இல்லாமல் ரத்தமும் சதையுமாக வருகிறவர்களை நாளைக்கு வா, நாளைக்கு வா என்று திருப்பி அனுப்பியே பழகிய அலுவலகத்துக்கு, இத்தனை காகிதத்தோடு வந்தவன்மேல் சந்தேகப்பட ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

செல்லக்கனி ஜன்னல் வழியாக அவன் காதைத்தான் முதலில் பார்த்தாள். சங்கரபாண்டியின் காது, மடல் கன்னத்தோடு ஒட்டியது. அவள் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள், அப்புறம் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, வந்திருந்த வேலையை முடித்தாள். வீட்டில், சோறு போடும்போது, "வந்திருக்கான்," என்று மட்டும் சொன்னாள். அந்தப் பெயருக்குக் கீழப் புதுத் தெருவில் கடிதம் சேர்வது பஸ்ஸில் அடிபட்ட பேச்சாகச் சங்கரபாண்டி காதுக்கும் எட்டியிருந்தது. கையை உதறிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கீழப் புதுத் தெருப் பக்கம் போய், அந்தக் காலி மனைக்கு எதிரே நெடுநேரம் நின்றுவிட்டு வந்து, ஆறிய சோற்றைச் சாப்பிட்டார்.

இளம்பரிதி காலி மனையில் தகரம் போட்டு ஒரு குடிசை கட்டிக்கொண்டான். கொஞ்ச நாளில் ஊர்ப் பேச்சும் வந்துவிட்டது. 'மேற்படி', 'ஆவன செய்ய' எல்லாம் கோபமோ அலுப்போ வந்தால்தான் வாயில் வரும். நகராட்சியில் ஒலிபெருக்கியில் அவன் பெயரைக் கூப்பிடாத நாளில்லை. பெயர் நிரப்பாத விண்ணப்பம் வந்தாலும் அவன் பெயர்தான், பெயர் அடித்த பிறகு கரண்டு போய் மறுபடி திறந்தாலும் அவன் பெயர்தான். கூப்பிட்ட மூச்சுக்கு வாசலில் வந்து நிற்பான். அதனால் இளம்பரிதி என்று சத்தம் கேட்டதும் வரிசையில் நிற்கிறவர்கள், நாற்காலியில் உறங்குகிறவர்கள், குழந்தையைத் தூக்கிவைத்திருக்கிறவர்கள் எல்லோரும் தலையைத் திருப்பி வாசலைப் பார்க்கிற பழக்கம் அங்கே வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் செல்லக்கனி வீட்டுக்குச் சாப்பிட வருவான். சங்கரபாண்டி அவனைத் "தம்பி" என்பார், அவள் "எய்யா" என்பாள். அவன் அவளை அம்மா என்றான். மேசைக்கு முன்னால் நிற்கிற எவரும் அவளை அம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆனாலும் அவன் கூப்பிடும்போது மட்டும் அவள் கைவேலையைப் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

இத்தோடு நின்றிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் மாதா மாதம் ஆய்வுக் கூட்டம் உண்டு, அதில் ஒவ்வொரு பிரிவும் எத்தனை நோட்டீஸ் அனுப்பியது என்று எண்ணிக்கை காட்ட வேண்டும். கடைக்காரர் ஒருவருக்கு அனுப்பினால் கவுன்சிலர் போன் பண்ணுவார். கவுன்சிலர் மைத்துனருக்கு அனுப்பினால் எம்.எல்.ஏ. வீட்டிலிருந்து வரும். இளம்பரிதிக்கு அனுப்பினால் யாரும் போன் பண்ண மாட்டார்கள். முன்பு மறதியில் அழுத்திய 'சரி'யை இப்போது எல்லோரும் தெரிந்தே அழுத்தினார்கள். சாக்கடையில் சாணி கொட்டியவன் அவன், பொது இடத்தில் போஸ்டர் ஒட்டியவன் அவன், ஆற்றோரத்தில் சுவர் எழுப்பியவன் அவன். ஊரும் இதைக் கேள்விப்பட்டு நிம்மதியாக உறங்கியது. பொல்லாத ஊர் என்று சொல்ல முடியாது. தீபாவளிக்கு அவனுக்கு வேட்டி எடுத்துக் கொடுத்த ஊர்தான், அவன் தலையில் குப்பையையும் கொட்டியது.

நோட்டீஸ் போனால் நடவடிக்கையும் எடுத்தாக வேண்டும். அவன் குழாயை வெட்டினார்கள். நாயே இல்லாதவனிடமிருந்து நாயைப் பிடித்துப் போனதாக எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். ஆக்கிரமிப்பு அகற்றியதற்குக் கணக்குக் காட்ட, மாதக் கடைசியில் நகரமைப்பு ஆய்வாளர் பொக்லைனோடு வந்து குடிசையைப் பிரித்துப் போட்டார். "கோவிச்சுக்கிடாதீங்க தம்பி, மேலருந்து நெருக்குதாங்க," என்று சொல்லிவிட்டு, அவனையும் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்தார். அவன் மறுநாள் தகரத்தை எடுத்து மறுபடியும் கட்டிக்கொண்டான். ஒவ்வொரு 'இறுதி எச்சரிக்கை'க்கும் அவன் தலையில் ஒரு கொத்து முடி நரைத்தது. வாலிபனாக வந்தவன், அடுத்த வைகாசிக்குள் சங்கரபாண்டிக்கு அண்ணன் மாதிரி ஆகிப்போனான்.

செல்லக்கனிக்கு ஒன்றும் தெரியாமல் இல்லை. அவன் பெயரை எடுத்துவிட்டுப் புள்ளி வைத்தால் எல்லாம் நின்றுவிடும், இரண்டாவது மேக்ரோவுக்கு ஒரு அழுத்து போதும். நின்றுவிட்டால் அவனும் இருக்க மாட்டான் என்பது அவளுக்குச் சொல்லாமலே தெரிந்தது. பிள்ளை நொந்துபோய் இருந்தாலும் இருக்கிறானே என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை இன்னும் ஒரு துண்டு மீன் கூடுதலாக வைத்தாள்.

புது ஆணையர் வந்தார். சின்ன வயது, எதையும் படித்துப் பார்த்துவிட்டுத்தான் 'சரி'யை அழுத்துவார். ஒரு வாரத்தில் செல்லக்கனியைக் கூப்பிட்டார்.

"அம்மா, இந்த ஊர்த் தப்பு பூராவும் ஒரே ஆள் பண்ணியிருக்காரே. யார் இவர்?"

"மாதிரிப் பேரு சார்."

"மாதிரியை எடுத்துட்டுப் புள்ளி வச்சிருங்க. இனிமே பேர் இல்லாம ஒரு கடிதமும் பிரிண்ட் ஆகக் கூடாது."

"மேக்ரோ ரிப்பேரா இருக்கு சார்," என்றாள் செல்லக்கனி. அத்தனை வருஷ சர்வீஸில் மேலதிகாரியிடம் அவள் சொன்ன முதல் பொய் அது. மறு வாரமும் ரிப்பேர், அதற்கடுத்த வாரமும் ரிப்பேர். விஷயம் கசிந்து, இந்த வழி அடைபடப் போகிறது என்று தெரிந்ததும், ஒவ்வொரு பிரிவும் தன்னிடம் நாள்பட்டுக் கிடந்ததையெல்லாம் அவசர அவசரமாக இளம்பரிதி பெயரில் ஏற்றியது. தபால்காரர் சைக்கிளை விட்டுவிட்டுச் சரக்கு ஆட்டோவில் வந்தார். அந்த வாரம் குடிசையை மூன்று பிரிவுக்காரர்கள் தனித்தனியாக வந்து இடித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். இலை போட்டும் உட்காரவில்லை.

"மேற்படி பெயரை நீக்கம் செய்ய ஆவன செய்யும்படி..." என்று தொடங்கினான். பிறகு, "அலுப்பா இருக்கும்மா," என்றான். "நான் செஞ்ச தப்புன்னு ஒண்ணாவது இருந்தாக்கூடத் தாங்கிக்கிடலாம். எடுத்துருங்கம்மா."

"அப்படிச் சொல்லாதய்யா," என்றாள் செல்லக்கனி. "கொஞ்சம் பொறு. வேற ஏதாவது பேரப் போடுதேன், நோட்டீசுல மட்டும் மாத்துதேன், மத்ததுல நீ இரு."

"மத்ததுலயும் என் தலையில ஏத்த ஆபீசுல வழி கண்டுபிடிச்சுருவாங்கம்மா."

அவள் சங்கரபாண்டியைப் பார்த்தாள். அவர் கண்டக்டர் பையைத் தேடுகிறவர்போலக் கையை இடுப்புப் பக்கம் கொண்டுபோய்விட்டு எடுத்தார். "விடு கனி," என்றார். "நாம பேரு வச்சது வாழுததுக்கு. ஊரு ஏச்ச வாங்குததுக்கு இல்ல."

நாம் என்று அவர் சொன்னதை இளம்பரிதி கேட்டான். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"தகப்பனார் பேருல புள்ளி வச்சிருக்கே," என்றான். "அதுல யாரு?"

"நாந்தாம்ல," என்றார் சங்கரபாண்டி. தோளைப் பிடித்து அழுத்தி அவனை இலை முன்னால் உட்காரவைத்தார். அவன் அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டான்.

திங்கட்கிழமை மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், அவன் செல்லக்கனியின் மேசைக்கு எதிரில் உட்கார்ந்தான். அவள் கடவுச்சொல்லை அடித்தாள். பழைய பெயர் என்ன என்று பெட்டி கேட்டது, அடித்தாள். புதுப் பெயர் என்ன என்று கேட்டது, புள்ளிகள் வைத்தாள். 'சரி'யை அழுத்த அவளுக்கு வெகுநேரம் பிடித்தது. "அழுத்துங்கம்மா," என்றான் அவன். அழுத்தினாள்.

டெம்ப்ளேட்டுகள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடின. ஆக்கிரமிப்பு அறிவிப்பு மூடியதும் அவன் கூன் நிமிர்ந்தது. இறுதி எச்சரிக்கைகள் மூட மூட நரைத்த முடி கொத்துக் கொத்தாகக் கறுத்தது. குடிநீர் வரி மூடியது, சொத்து வரி மூடியது, நாய் உரிமம் மூடியபோது அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது; முதல் நாள் மும்தாஜ் ஜன்னலில் பார்த்த அதே வாலிபன், அதே காது. கடைசியாகப் பிறப்புச் சான்று திறந்தது. "எய்யா," என்றாள் செல்லக்கனி. அவன், "என்னம்மா," என்றான். அது மூடியது. எதிரே நாற்காலி இருந்தது, அதன்மேல் கடிதக் கட்டு இருந்தது, எல்லாக் கடிதத்திலும் பெயர் இருந்த இடத்தில் புள்ளிகள் இருந்தன.

ஊர் நாலு நாள் அவனைத் தேடியது. அப்புறம் நோட்டீஸ்கள் உரியவர்களுக்கே போய்ச் சேரத் தொடங்க, சாணி கொட்டியவனும் சுவர் எழுப்பியவனும் நகராட்சி வாசலில் வந்து சத்தம் போட, அந்தச் சத்தத்தில் அவனை நினைக்க யாருக்கும் நேரமில்லாமல் போயிற்று.

அடுத்த வாரம் செல்லக்கனி அரை நாள் லீவு போட்டுவிட்டு, சங்கரபாண்டியோடு, பொதுமக்கள் நிற்கிற வரிசையில் வந்து நின்றாள். மும்தாஜின் ஜன்னலில் பெயர் சேர்க்கிற வரிசை அது. பிறந்த உடனே பிறப்பைப் பதிந்துவிட்டு, பெயரை நிதானமாக யோசித்து வைத்தபின் வந்து சேர்த்துக்கொள்கிறவர்கள் ஊரில் அதிகம். முன்னால் நின்றவர்களெல்லாம் இடுப்பில் குழந்தையோடு இருந்தார்கள். மும்தாஜ் நிமிர்ந்து பார்த்து, "என்னக்கா இது, உள்ள வரக்கூடாதா," என்றாள். செல்லக்கனி பிறந்த தேதியைச் சொன்னாள். மும்தாஜ் பழைய பதிவேட்டை எடுத்துப் புரட்டினாள். ஆண் குழந்தை, தாய் செல்லக்கனி, தந்தை சங்கரபாண்டி, பெயர் என்ற இடம் காலி. ஓரத்தில், அதே தேதியில் இறந்ததாக யாரோ சிவப்பு மையில் குறித்திருந்தார்கள். மும்தாஜ் அதைப் படித்தாள், இருவரையும் பார்த்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தாள்.

"பேரு சொல்லுங்க," என்றாள்.

சங்கரபாண்டி செல்லக்கனியைப் பார்த்தார், அவள் அவரைப் பார்த்தாள்.

"இளம்பரிதி," என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில், கொஞ்சம் சத்தமாகவே.

வரிசையில் நின்றவர்கள், நாற்காலியில் உறங்கியவர்கள், குழந்தையைத் தூக்கிவைத்திருந்தவர்கள் எல்லோரும் தலையைத் திருப்பி வாசலைப் பார்த்தார்கள். செல்லக்கனியும் பார்த்தாள்.